மூன்று ஆக்டேவும் ஒரு மாடிப்படியும்

வாசிக்க வரச்சொல்லி யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, "லிஃப்ட் இருக்கா?" என்பதைத்தான். அடுத்து, வண்டியை எந்தத் தெருப் பக்கம் நிறுத்தி இறக்கலாம், கதவு எவ்வளவு அகலம், மேடைக்கு ஏறப் படியா சரிவா. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் என்ன பாட்டு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பணம் என்ற பேச்சு. புது ஆளாக இருந்தால் கொஞ்சம் குழம்பிப்போவார். பேசுவது வாத்தியக்காரனா, வீடு மாற்றித் தரும் ஆளா என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். நான் இரண்டும்.

சிகாகோவில் வைப்ரஃபோனும் மரிம்பாவும் வாசித்துப் பிழைக்கிறேன். ஊரில் சொன்னால் "அது என்னப்பா?" என்பார்கள். பியானோவின் விசைகளுக்குப் பதிலாக இரண்டு வரிசையில் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய், கையில் நூல் சுற்றிய தலையுள்ள குச்சிகள். பட்டை அலுமினியமாக இருந்தால் வைப்ரஃபோன், மரமாக இருந்தால் மரிம்பா. இன்னும் புரியாவிட்டால், அறுபது எழுபதுகளின் தமிழ் சினிமாப் பாட்டில் ஹோட்டல் நடனமோ கனவோ வரும்போது பின்னால் நடுங்கிக்கொண்டே கரையும் அந்த உலோக ஒலியைச் சொல்வேன். மரிம்பாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஐஃபோன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதன் பழைய ரிங்டோனில் அதைக் கேட்டிருக்கிறார்கள், பெயர் தெரியாமல்.

இந்த ஊரில் இந்த வாத்தியங்களை வாசிப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. வைப்ரஃபோன் பிறந்தது பக்கத்து மாநிலத்தில், இண்டியானாபொலிஸ் நகரத்து லீடி கம்பெனியில், 1920களின் தொடக்கத்தில். குழாய்களின் வாயில் சின்ன வட்டத் தகடுகளை வைத்து மோட்டாரால் சுழற்றினார்கள். தகடு திறந்து மூடத் திறந்து மூட, ஒலி நடுங்கியது. புதுமை என்று வாங்கினார்கள். ஆனால் அந்த முதல் வைப்ரஃபோனில் எஃகுப் பட்டைகள். அடித்த ஒலியை நிறுத்த வழி கிடையாது. அடித்தால் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும், அடுத்த ஸ்வரம் அதன் மேலேயே விழும். 1927இல் சிகாகோவின் டீகன் கம்பெனியில் ஹென்றி ஷ்லூட்டர் என்பவர் அதற்கு அலுமினியப் பட்டை போட்டு, ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணி ஒட்டிய ஒரு சட்டத்தைப் பட்டைகளுக்கு அடியில் வைத்து, அதைக் காலால் இயக்க ஒரு பெடலும் கொடுத்தார்: மிதித்தால் ஒலி நீளும், விட்டால் அடங்கும். இன்று நான் வாசிப்பது ஏறக்குறைய அந்த வடிவம்தான். நிறுத்த முடிந்த பிறகுதான் அது வாத்தியம் ஆனது என்பது என் கட்சி. அதற்கு முன்னால் அது ஒரு விசேஷச் சத்தம், அவ்வளவே.

டீகன் தொழிற்சாலை இருந்த ரேவன்ஸ்வுட் கட்டடம் இன்னும் நிற்கிறது, கடிகாரக் கோபுரத்தோடு. உள்ளே இப்போது வேறு யார் யாரோ. ஜாஸ் வைப்ரஃபோன்காரர் லயனல் ஹாம்ப்டன் வளர்ந்ததும் இந்த ஊரில்தான்; 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை போடும் பையன்களுக்கான பேண்டில் வாசித்தவர். 1930இல் லாஸ் ஏஞ்சலிஸில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கோடு ஒலிப்பதிவுக்குப் போன இடத்தில் ஓரமாகக் கிடந்த வைப்ரஃபோனை இழுத்து வாசித்தார். ஜாஸில் அந்த வாத்தியத்தின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. ரேடியோ நிலையங்களில் அதற்கு அதுவரை இருந்த வேலை, நிகழ்ச்சிகளுக்கு நடுவே இரண்டு மூன்று மணி அடிப்பதுதான்.

சரி, நிறுத்துவதைப் பற்றிச் சொன்னேன். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டவேண்டும், ஏனென்றால் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஸ, நி, த என்று மூன்று ஸ்வரம் இறங்கவேண்டும் என்று வையுங்கள். பெடலை மிதித்தபடியே அடித்தால் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கிவிடும். அதிலும் ஸ-வும் நி-யும் பக்கத்துப் பக்கத்துச் சுருதி, சேர்ந்து ஒலித்தால் பல் கூசும். பெடலை விட்டுவிட்டு அடித்தால் மூன்றும் மொட்டை மொட்டையாக விழும். வேலை இதற்கு நடுவில் இருக்கிறது. பெடலை மிதித்தே வைத்திருக்கிறேன். வலது குச்சி நி-யை அடிக்கும் அதே கணத்தில் இடது குச்சியின் தலையை ஸ-வின் மேல் வைத்து அழுத்துகிறேன். தட்டக்கூடாது, தட்டினால் ஸ மறுபடி பேசிவிடும். கனத்தை இறக்கி உட்கார வைக்கவேண்டும். அடுத்து த-வை அடிக்கும்போது நி-யை அடக்கவேண்டும். இதற்குள் கீழே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) அடித்து ஒலிக்க விட்டிருப்பேன், அது கலையக்கூடாது. அதனால்தான் பெடலை விடமுடியவில்லை. ஆக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு கை அசைவு, ஒன்று ஆரம்பிக்க, ஒன்று முடிக்க. கேட்பவருக்கு மூன்று ஸ்வரம், எனக்கு ஆறு வேலை.

கேரி பர்ட்டன் இதை ஒரு முழு மொழியாக வளர்த்தார். அவரும் இண்டியானாக்காரர், 1943இல் பிறந்தவர். கைக்கு இரண்டாக நான்கு குச்சி பிடித்து, பியானோக்காரர் மாதிரி தனியாகவே ஒரு முழுப் பாட்டைத் தாங்கமுடியும் என்று காட்டினார். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, 2017இல் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். அவர் குச்சி பிடிக்கும் விதத்தைத்தான் உலகத்தில் பாதிப் பேர் பிடிக்கிறோம். அவருடைய ஒலிப்பதிவுகளில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல. எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் உயிரோடு விடுவது என்பதில் அவருக்கு இருக்கும் கண்டிப்புதான். இன்னொரு ஜாஸ் வைப்ரஃபோன்காரர் மில்ட் ஜாக்ஸனுக்கு அதே கண்டிப்பு வேறு இடத்தில் இருந்தது: மோட்டாரை மெதுவாக, மிக மெதுவாக ஓட விட்டு, ஒலி மூச்சு விடும்படி செய்தார். இன்று பலர் மோட்டாரையே போடுவதில்லை. நானும் பாதி நேரம் போடுவதில்லை. ஆனால் போடாவிட்டாலும் ஒரு வேலை உண்டு: அந்தத் தகடுகள் குழாய் வாயை மூடியபடி நின்றுவிட்டால் வாத்தியம் முழுக்க ஜலதோஷம் பிடித்தது போல் ஆகிவிடும். கையால் திருப்பி, எல்லாம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

மரிம்பாவில் பிரச்சினை தலைகீழ். மரம் சீக்கிரம் அடங்கிவிடும். மேல் ஸ்தாயியில் அடித்த மாத்திரத்தில் போய்விடும். நீளமாக ஒரு ஸ்வரம் வேண்டும் என்றால் இரண்டு குச்சியாலும் மாற்றி மாற்றி அடித்து உருட்டவேண்டும். அந்த உருட்டல் அடியாகக் கேட்காமல் ஒரே இழையாகக் கேட்க வருடக்கணக்கில் சாதகம் வேண்டும். அங்கே நிறுத்தப் பாடுபடுகிறோம், இங்கே சாகவிடாமல் வைத்திருக்கப் பாடுபடுகிறோம். தாரியுஸ் மியோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1947இல் இரண்டையும் ஒரே ஆள் மாறி மாறி வாசிக்கும்படி ஒரு கான்செர்ட்டோ எழுதினார். நல்ல மனுஷர், ஆனால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டி இருக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே தாவும்போது கை தடுமாறுவது ஒலியால் அல்ல, அகலத்தால். வைப்ரஃபோனில் பட்டைகளின் அகலம் பெரிதாக மாறாது. ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி) மரிம்பாவில் கீழ்ப் பக்கம் பட்டை உள்ளங்கை அகலம் இருக்கும், மேலே போகப்போக இரண்டு விரல் அளவு ஆகிவிடும். ஒரே ஆக்டேவை எட்ட, இடதுபக்கம் கையை விரிக்கவேண்டும், வலதுபக்கம் சுருக்கவேண்டும். அதோடு, வாத்தியத்தை நாங்கள் தொடுவதே இல்லை. வீணைக்காரர் விரலுக்குத் தந்தி தெரியும், பியானோக்காரர் விரல் விசை மேலேயே உட்கார்ந்திருக்கும். எங்களுக்கும் பட்டைக்கும் நடுவில் நாற்பது சென்டிமீட்டர் குச்சி. தலையை நிமிர்த்தி நொட்டேஷனைப் படித்தால் பட்டை தெரியாது, பட்டையைப் பார்த்தால் நடத்துனர் தெரியமாட்டார். கடைசியில் ஞாபகம் வைத்துக்கொள்வது கை அல்ல, காலடி: எந்த இடத்தில் நின்றால் எந்த ஸ்வரம் நேரே இருக்கும் என்பது.

மரிம்பா மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நல்ல மரிம்பாவுக்கு ஹோண்டுராஸ் ரோஸ்வுட் வேண்டும். பெலீஸ் காடுகளில் வளர்வது. நம் ஊர் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு, இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். வெட்டி வெட்டித் தீர்த்ததால் 2013இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினத்தையே கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது எல்லை தாண்டி வாத்தியம் விற்கவோ வாங்கவோ சான்றிதழ் காகிதங்கள் தேவைப்பட்டன. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. மரம் இல்லாமல் போனால் மரிம்பாவும் இல்லை. சிகாகோ குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்று காய்ந்துபோகும். மரமும் காய்ந்து சுருதி மெல்ல ஏறும், மோசமானால் வெடிக்கும். அதனால் மரிம்பா அறையில் ஈரப்பதத்துக்கு ஒரு மெஷின் ராப்பகலாக ஓடுகிறது. எனக்குத் தொண்டை காய்ந்தால் நான் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இனி தூக்கும் கதை. என் வைப்ரஃபோன் மூன்று ஆக்டேவ், முப்பத்தேழு பட்டை. பட்டைகள் கயிற்றில் கோத்திருக்கும். அதை அப்படியே சுருட்டிப் பையில் வைக்கலாம். குழாய்கள் இரண்டு வரிசை, பக்கச் சட்டங்கள், நீளக் கட்டைகள், ஃபெல்ட் சட்டம், பெடல், மோட்டார். பிரித்தால் அவ்வளவும் ஒரு சாதாரண காருக்குள் போய்விடும், பாதிரியார் வீட்டு மாடியில் இருக்கும் சர்ச் ஹாலுக்குப் போகாது. ஐந்து ஆக்டேவ் மரிம்பா என்றால் சுமார் இரண்டே முக்கால் மீட்டர் நீளம். கீழ் ஸ்தாயி ஸ-வுக்குக் குழாய் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வேண்டும். வாத்தியத்தின் உயரமே அவ்வளவு இல்லை. அதனால் மடித்தோ பெட்டியாக அகட்டியோ செய்வார்கள். அந்தப் பெட்டியைக் குறுகலான மாடிப்படியின் திருப்பத்தில் திருப்புவதற்கு ஒரு தனி வித்தை இருக்கிறது. அதை எந்த இசைக் கல்லூரியும் சொல்லித்தருவதில்லை.

பூட்டி முடித்தவுடன் வாசிக்க முடியாது. முதலில் 'ஜ்ஜ்ஜ்' வேட்டை. ஏதாவது ஒரு ஸ்வரத்தில் எங்கோ ஒரு கிர்ர்ர் ஒலிக்கும். அது எந்தப் பட்டையில் ஒலிக்கிறதோ அங்கே இருக்காது, அதுதான் அதன் குணம். ஒரு பையன் பட்டையை அடித்துக்கொண்டே இருக்க, நான் குனிந்து குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பேன். தளர்ந்த ஆணி, குழாயின் உள் அடைப்பு, கயிற்றைத் தாங்கும் கொக்கி பட்டையை உரசுவது, எதுவாகவும் இருக்கலாம். பட்டையில் கயிறு போகும் துளை, இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீத தூரத்தில் இருக்கும். பட்டை அதிரும்போது அசையாமல் நிற்கும் புள்ளி அது. கயிறு அங்கேயே நிற்கும்வரை சத்தம் சுத்தம்.

வேடிக்கை என்னவென்றால், மரிம்பாவைத் தேசிய வாத்தியமாக வைத்திருக்கும் குவாத்தமாலாவில் இந்தக் கிர்ர்ர் வேண்டும் என்றே செய்கிறார்கள். ஒவ்வொரு மரப் பெட்டிக் குழாயின் அடியிலும் ஒரு துளை போட்டு, பன்றிக் குடல் சவ்வை மெழுகு வைத்து ஒட்டுகிறார்கள். அடித்தால் ஸ்வரத்தோடு சேர்ந்து ஒரு இரைச்சல் எழும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பழக்கம். அதைக் கேட்டுப் பழகிய ஒருவர் என் மரிம்பாவைக் கேட்டுவிட்டு "ருசியே இல்லையே" என்றார். நான் ஒரு மணி நேரம் வேட்டையாடி ஒழித்த ருசி அது!

பணம். இங்கே இசைக்கலைஞர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு எண் 10-208. வெள்ளையர்களுக்கு 10, கறுப்பர்களுக்கு 208 என்று தனித்தனியாக இருந்ததை 1966இல் சேர்த்ததால் வந்த எண். சங்கத்தின் ஒப்பந்தங்களில் எனக்குப் பிடித்த வரி சுமைக்கூலி. பெரிய வாத்தியம் கொண்டுவருபவருக்கு வாசிப்புக் கூலிக்கு மேல் தனியாக ஒரு தொகை. பிடிக்காத வரியும் உண்டு. புல்லாங்குழல்காரர் கிளாரினெட்டையும் எடுத்தால் இரண்டாவது வாத்தியத்துக்குக் கூடுதல் பணம். நான் கையெழுத்துப் போட்ட பல ஒப்பந்தங்களில் வைப்ரஃபோன், மரிம்பா, சைலஃபோன் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே சம்பளம். குடும்பம் என்று வந்துவிட்டாலே கணக்குப் பார்க்கக்கூடாது போல.

ஒலிப்பதிவு வேலை குறைந்துவிட்டது. இசைநாடக அரங்குகளிலும் செலவைக் குறைக்க, கீபோர்டிலேயே வைப்ரஃபோன் ஒலியை வைத்து முடித்துவிடுகிறார்கள். அந்தச் சாம்பிள்கள் மோசம் என்று சொல்லமாட்டேன், உண்மையான வாத்தியத்தை நல்ல மைக்கில் பதிந்ததுதானே. ஆனால் நான் மேலே சொன்ன அந்த ஸ-வை அழுத்தி அடக்கும் சமாசாரம் அதில் வராது. கீபோர்டில் விசையை விட்டால் ஒலி நிற்கும், எல்லாம் ஒரே மாதிரி நிற்கும். பெரும்பாலானோருக்கு இந்த வித்தியாசம் கேட்காது. இன்னொரு பக்கம், ஹோட்டல் லாபிகளிலும் கல்யாணங்களிலும் என்னைக் கூப்பிடுவதே தங்க நிறப் பட்டைகள் பார்க்க நன்றாக இருக்கின்றன என்பதால்தான். முன்னால் வளைவாகத் தெரியும் குழாய்களில் பல, நீளம் காட்டுவதற்காகவே நீளமானவை; உள்ளே நடுவிலேயே அடைத்திருக்கும். நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிறேன்.

தமிழ்ச் சங்க விழாக்களில் வாசிப்பது வேறு வகை. பழைய பாட்டுகளின் இடையிசைக்கு நிஜ வைப்ரஃபோன் என்றால் பெரியவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மோட்டாரை நல்ல வேகத்தில் போடவேண்டும், அங்கே மில்ட் ஜாக்ஸனுக்கு இடமில்லை. ஒரு ரிகர்சலில், பாடுகிற அக்கா இரண்டு முறை மேலே எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, அஞ்சு கட்டை இன்னைக்கு எட்டலை. நாலரையில வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்க்கா," என்றான் கீபோர்டு பையன். ஒரு பட்டனை அழுத்தினான், முடிந்தது. அவன் விரல்கள் அதே வெள்ளை விசைகளிலேயே போய்க்கொண்டிருந்தன. தபலாக்காரர் சுத்தியலை எடுத்தார். என் வாத்தியத்தில் பட்டன் கிடையாது. ஐந்து கட்டை என்றால் ஜி, முக்கால்வாசி முன்வரிசை. நாலரை என்றால் எஃப் ஷார்ப். பாட்டு மொத்தமும் பியானோவின் கறுப்பு விசைகளுக்குச் சமமான பின்வரிசைக்குக் குடிபோய்விட்டது. குச்சிகளை நீட்டி, உடம்பைச் சாய்த்து, அதுவரை காலுக்குத் தெரிந்திருந்ததை எல்லாம் மறந்துவிட்டுப் புதிதாக நிற்கவேண்டும்.

"உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்றார் அக்கா.

"அதெல்லாம் இல்லைக்கா. ஒரு பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க."

இது போதாதென்று சுருதி. என் வைப்ரஃபோன் ஏ 442இல் (ஏ ஸ்வரம் நொடிக்கு 442 அதிர்வு) சேர்த்தது, இந்த வகை வாத்தியங்களில் அது சகஜம். கீபோர்டு 440. எட்டு சென்ட் வித்தியாசம், அதாவது ஒரு அரைச்சுருதியில் நூறில் எட்டு பங்கு. ஓடும் பாட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே ஏ ஸ்வரத்தைப் பிடித்து நின்றால் நொடிக்கு இரண்டு அலை அடிக்கும். மோட்டார் ஓடினால் அந்த நடுக்கத்தில் இது மறைந்துவிடுகிறது என்பது ஒரு சௌகரியம். கீபோர்டில் 442 என்று மாற்றிவைக்கச் சொல்லிவிடுவேன், அதில் அமைப்பு இருக்கும். சர்ச் பியானோ என்றால் ஒன்றும் செய்யமுடியாது, சேர்ந்து நீளமாக நிற்கும் இடங்களில் நான் முதலில் அடங்கிவிடுவேன்.

விழா முடிந்து நான் பட்டைகளைச் சுருட்டும்போது பெற்றோர்கள் வருவார்கள். இங்கே பள்ளிக்கூட பேண்டுகளில் மைதானத்தின் ஓரத்தில் மரிம்பா, வைப்ரஃபோன் என்று ஒரு முழுப் படையே நிற்கும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். என் வருமானத்தில் பெரிய பங்கும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் வருகிறது. "பையன் மரிம்பா வாசிக்கிறான், வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா?" என்பார்கள். விலையைச் சொன்னால் முகம் மாறும். ரோஸ்வுட்டில் ஐந்து ஆக்டேவ் பத்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். வேண்டாம் என்பேன். பள்ளியில் இருக்கிறது, சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கவிடுங்கள். முதலில் நான்கு நல்ல குச்சிகள் வாங்கிக்கொடுங்கள். இரண்டு வருஷம் கழித்தும் ஆசை இருந்தால் பழைய வைப்ரஃபோன் ஒன்று தேடலாம். போய்ப் பார்க்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். பெடலை விட்டுவிட்டு எல்லாப் பட்டையையும் ஒரு தட்டுத் தட்டுங்கள். எந்தப் பட்டை அடங்காமல் ஒலிக்கிறதோ அங்கே ஃபெல்ட் போயிருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

"அதுக்குப் பதிலா ஒரு கீபோர்டே வாங்கிடலாமே சார், அதுல இந்தச் சத்தமும் வருதாமே" என்பார் ஒரு அப்பா, தவறாமல். வாங்கலாம். அதோடு, மரிம்பா நீளத்துக்குத் தரையில் ஒரு டேப்பும் ஒட்டிக்கொடுங்கள், பையன் நடந்து பழகட்டும் என்பேன். அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள், குழாய்ப் பெட்டியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.